சீட்டுக்கு அடியில் டைகர்

புதன்

நாயைப் பத்திரமாக விமானத்தில் கூட்டிப் போக வேண்டுமென்றால், இடம் பிடிக்கும்போதே வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் நாய்க்கு இடம், அப்புறம்தான் நமக்கு டிக்கெட். ஒரு விமானத்தின் கேபினில், அதாவது பயணிகள் உட்காரும் பகுதியில், இத்தனை பிராணிகள்தான் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நம் டிக்கெட்டை எடுத்துவிட்டு நிதானமாக நாயைச் சேர்க்கப் போனால், அந்த இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் தொலைபேசியில் அழைத்து, காத்திருந்து, இனம், வயது, எடை, பையின் நீள அகல உயரம் எல்லாம் ஒப்பித்து, கேபினில் இடம் உண்டு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகுதான் எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டேன். அந்த மின்னஞ்சலை அச்செடுத்தும் வைத்திருக்கிறேன்.

டைகர் என்பது பெயர் மட்டும்தான். ஆள் நாலரை கிலோ பொமரேனியன், ஏழு வயது. அம்மாவின் நாய். அம்மா இனி வெளிநாட்டில் அண்ணன் வீட்டோடு இருக்கப் போகிறார், அதனால் அவனும் போகிறான். விடுமுறைக்குப் போய் வரும் பயணமாக இருந்தால் அவனைக் கூட்டிப் போவதைப் பற்றி நான் யோசித்திருக்கவே மாட்டேன். நம்பிக்கையான ஆளிடம் விட்டுவிட்டுப் போவதுதான் நாய்க்குச் சுகம். ஜன்னல் வழியாக மேகம் பார்க்க அதற்கு ஆசையில்லை.

தாள் வேலை மாதக்கணக்கில் நடந்தது. அதிலும் வரிசைதான் முக்கியம். முதலில் தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப், அதற்குப் பிறகு ரேபிஸ் தடுப்பூசி. சிப் வைப்பதற்கு முன்னால் போட்ட ஊசியை ஐரோப்பிய ஒன்றியம் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டது என்று எப்படி நிரூபிப்பது? சிப்பும் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரத்தில், 15 இலக்க எண் உள்ளதாக இருக்க வேண்டும். முதல் ஊசி போட்டு 21 நாள் கழித்துத்தான் அங்கே நுழைய முடியும். சில நாடுகளிலிருந்து போனால் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்துகொள்ளும். ஊசிக்குப் பிறகு 30 நாள் விட்டு இரத்தம் எடுத்து, எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 அலகாவது இருக்கிறதா என்று பார்த்து, அதற்கு மேல் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் முதல் ஆறு மாதம் நிரம்பாத நாய்க்குட்டியை உள்ளே விடுவதில்லை. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் இன்னும் கறார். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் வளர்ப்பு நாய் கேபினில் வர முடியாது, சரக்காகப் பதிவு செய்துதான் வர வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேச வந்தவள் ஏன் தாள்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றால், ஒரு கையெழுத்து குறைந்தாலும் நாய்தான் அடைபட்டுக் கிடக்கும். சூடான ஓர் அறையில், தெரியாத மனிதர்கள் நடுவில், மணிக்கணக்காக. சின்ன நாய்க்கு ஆகாயத்தைவிட இந்த மாதிரி காத்திருப்புகளில்தான் ஆபத்து அதிகம் என்பது, இத்தனை நாளாகப் படித்ததிலும் விசாரித்ததிலும் எனக்குப் புரிந்த விஷயம். அதனால் ஒவ்வொரு தாளிலும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை என் பையிலும் ஒன்றை அம்மாவின் பையிலும் ஒன்றை டைகரின் பையிலும் வைத்திருக்கிறேன்.

இன்று கடைசியாக ஒரு தடவை டாக்டரிடம் போனோம். உடல்நலச் சான்றிதழ் பெரும்பாலும் பயணத்துக்கு முந்தைய 10 நாட்களுக்குள் எழுதியதாக இருக்க வேண்டும், அதற்காக. அவர் இதயத்தையும் மூச்சையும் நிதானமாகக் கேட்டார், பல்லைப் பார்த்தார், ஈறை அழுத்திப் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகு அம்மா மெதுவாக ஆரம்பித்தார்.

"டாக்டர், தூங்குறதுக்கு ஒரு மாத்திரை குடுத்துடுங்களேன். பாவம், பயந்துடுவான்."

"வேண்டாம்மா" என்றார் அவர். எதையும் அழகாக விளக்கிச் சொல்கிறவர். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குத்தான் காற்று. ஆரோக்கியமான நாய் இதைச் சமாளித்துவிடும். ஆனால் மயக்க மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், மூச்சை மந்தமாக்கும், உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும் திறனையும் கெடுக்கும். விமானம் குலுங்கும்போது காலை ஊன்றிச் சமாளிக்கவும் நாயால் முடியாது. "அது தூங்குதா, மூச்சு முட்டுதான்னு உங்களாலயே கண்டுபிடிக்க முடியாதும்மா" என்றார். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் விமானப் பயணத்துக்கு மயக்க மருந்து வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ரொம்பப் பதற்றப்படும் நாய்களுக்கு வேறு வகை மருந்துகள் உண்டாம். அதையும் வீட்டில் ஒரு தடவை கொடுத்து, என்ன ஆகிறது என்று பார்த்த பிறகுதான் பயணத்தில் கொடுப்பாராம். டைகருக்கு அதுவும் தேவையில்லை என்றார்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா மாதிரி குட்டி இனங்களுக்கு மூச்சுக்குழல் தளர்ந்து சுருங்கும் கோளாறு வருவதுண்டு. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால் அது மோசமாகும். அதனால் கழுத்தில் பெயர்ச் சில்லு மட்டும் போதும், கயிற்றை நெஞ்சு வாரில்தான் மாட்ட வேண்டும்.

வியாழன்

இன்று முழுக்கப் பை.

பை என்றதும் கடையில் அழகாக இருப்பதை எடுத்து வந்து பயணத்தன்று காலையில் நாயை உள்ளே திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாய்க்கு அது பொறி. எங்கள் வீட்டில் அந்தப் பை பல வாரங்களாகக் கூடத்தின் மூலையில் திறந்தே கிடக்கிறது. முதலில் உள்ளே பிஸ்கட் போட்டோம். அப்புறம் சாப்பாடே அதற்குள் வைத்தோம். கொஞ்ச நாளில் தானாகவே போய்ப் படுக்க ஆரம்பித்தான். பிறகு ஜிப்பை ஒரு நிமிடம் மூடுவது, ஐந்து நிமிடம் மூடுவது, மூடியபடி காரில் ஒரு சுற்று போய் வருவது. இப்போது வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவன் ஒளிந்துகொள்ளும் இடமே அதுதான். பாதிப் பாதுகாப்பு அதோடு முடிந்தது என்று நினைக்கிறேன். பைக்குள் பதறாத நாய் அதிகமாக மூச்சிரைக்காது, ஜிப்பைப் பிராண்டாது, நகத்தை வலையில் மாட்டிக் கிழித்துக்கொள்ளாது.

அளவு விஷயத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொன்று சொல்கிறது. ஒருவர் 46 × 28 × 24 சென்டிமீட்டர் என்கிறார், இன்னொருவர் 55 × 40 × 23 வரை விடுகிறார். எடையும் அப்படித்தான். பல இடங்களில் நாயும் பையும் சேர்த்து 8 கிலோ. நாய் உள்ளே எழுந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். இந்த மூன்றும் முடியாத பை சட்டப்படி சரியாக இருந்தாலும் வேண்டாம். நாங்கள் எடுத்தது துணிப்பை. கெட்டியான பெட்டி பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் சீட்டுக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டர் இடிக்கும்போது துணிப்பை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பெட்டி விட்டுக்கொடுக்காது.

நான் ரொம்ப நேரம் யோசித்தது வலையைப் பற்றி. ஒரு பக்கம் மட்டும் வலை உள்ள பைகளை வாங்கவே கூடாது. சீட்டுக்கு அடியில் வைத்தால் ஒரு பக்கத்தைச் சீட்டின் கால் மறைக்கும், இன்னொரு பக்கத்தை அடுத்தவரின் பை மறைக்கும், முன்பக்கத்தை என் காலே மறைக்கும். குறைந்தது மூன்று பக்கம் காற்று போக வேண்டும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. காற்று நகராத இடத்தில் இளைத்தால் அதன் மூச்சே பைக்குள் ஈரமாகத் தங்கி, இளைப்பது பயன் தராமல் போகும். அது இன்னும் இளைக்கும், சூடு இன்னும் ஏறும். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நடுவில் இருப்பது இரண்டு டிகிரிதான்.

ஜிப்புகளின் கொக்கிகளை ஒன்றோடொன்று மாட்ட ஒரு சின்ன கிளிப் போட்டாயிற்று. மூக்கால் ஜிப்பைத் தள்ளித் திறக்கும் வித்தை டைகருக்குத் தெரியும். அடியில் ஈரம் உறிஞ்சும் விரிப்பு, அதற்கு மேல் அம்மாவின் பழைய துணி ஒன்று, துவைக்காமல். "துவைச்சுக் குடுக்கறேன், அழுக்கா இருக்கு" என்றார் அம்மா. அந்த வாசனைதானே வேண்டும் என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன்.

சீட்டுகளையும் மாற்றினேன். அவசர வழிக்குப் பக்கத்து வரிசையும், எதிரில் சுவர் உள்ள முதல் வரிசையும் நாயோடு வருபவர்களுக்குக் கிடையாது. அங்கே முன்னால் சீட் இல்லை, அடியில் வைக்க வழியில்லை. நடைபாதை ஓரத்துச் சீட்டின் அடியில் பெரும்பாலும் இடம் குறுகல், போகிற வருகிறவர்களின் காலும் வண்டியும் வேறு இடிக்கும். அதனால் ஜன்னலும் நடுச் சீட்டும் எங்களுக்கு. நடுச் சீட்டுக்கு முன்னால் டைகர்.

வெள்ளி

காலையில் வழக்கத்தைவிட நீண்ட நடை. அவன் களைத்துப் படுக்கும் வரை நடந்தோம். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னால் பாதிச் சாப்பாடு. பட்டினி போடச் சொல்லிச் சிலர் அறிவுரை சொல்வார்கள். பெரிய நாய்க்கு அது ஒத்துவரலாம். குட்டி இனங்களில், அதிலும் குட்டிகளுக்கு, நீண்ட நேரம் வயிறு காலியாக இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். தள்ளாடும், நடுங்கும், சில சமயம் வலிப்பு வரும். வயிறு நிறையக் கொடுத்தால் வாந்தி. அதனால் பாதி. தண்ணீரை மட்டும் நிறுத்தவே இல்லை.

விமான நிலையத்தில் முதல் சண்டை செக்-இன் கவுண்டரில். அங்கே இருந்தவர் பையைப் பார்த்தார், அளவுகோலை வைத்தார், "உயரம் ஒரு சென்டிமீட்டர் கூட, இதைக் கீழே சரக்கு அறையில்தான் போட முடியும்" என்றார். மின்னஞ்சலைக் காட்டினேன். அது வேறு பிரிவு கொடுத்தது என்றார். துணிப்பை, அழுத்தினால் அடங்கும் என்று அழுத்திக் காட்டினேன். தலையை ஆட்டினார். அம்மா பக்கத்தில் நின்று டைகரின் காதில் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நான் நகரவில்லை. சரக்கு அறை என்றதும் இருட்டு, குளிர், காற்றில்லாத இடம் என்று நினைக்கத் தோன்றும். பிராணிகளை ஏற்றும் சரக்கு அறையிலும் மேலே கேபினில் உள்ள அதே காற்றழுத்தம்தான், வெப்பமும் கட்டுப்படுத்தப்படும். முறையாகத் தயார் செய்த கெட்டிப் பெட்டியில், பழகிய பெரிய நாய்கள் நிறையப் பத்திரமாகப் போய் வருகின்றன. எனக்குப் பயம் தரையில் நடப்பதைப் பற்றி. ஏற்றும் வண்டி ஓடுதளத்து வெயிலில் நிற்கும் நேரம், விமானம் தாமதமாகும் நேரம், இறக்கிய பிறகு யாரும் எடுக்க வராத நேரம். அமெரிக்க விதிகள் இதற்கென்றே ஒரு வரம்பு வைத்திருக்கின்றன: ஏற்றி இறக்கும்போது 29.5 டிகிரிக்கு மேல் 45 நிமிடத்துக்கு மேல் நாயை வைக்கக் கூடாது. ஆபத்து எங்கே என்பதை அந்த விதியே காட்டிக்கொடுக்கிறது. அதோடு டைகரின் துணிப்பை சரக்கு அறைக்கானதே இல்லை. மேலே ஒரு பெட்டி சரிந்தால் அவ்வளவுதான். அங்கே போக வேண்டிய நாய்க்கு ஐஏடிஏ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் சொல்லும் கெட்டிப் பெட்டி வேண்டும். மூக்கிலிருந்து வால் தொடக்கம் வரை உள்ள நீளத்தோடு முன்னங்கால் முட்டி உயரத்தில் பாதியைக் கூட்டினால் வருவது பெட்டியின் நீளம், தோள் அகலத்தின் இரண்டு மடங்கு பெட்டியின் அகலம். இதையெல்லாம் கவுண்டரில் நின்று கடைசி நிமிடத்தில் செய்ய முடியாது.

மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னேன். அந்தப் பெண்மணி வந்து பையைக் கையில் எடுத்து, சீட் அடி மாதிரிச் சட்டத்துக்குள் தள்ளிப் பார்த்தார். போனது. "போங்க" என்று பையில் அனுமதிச் சீட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார். அவ்வளவு எளிது.

அடுத்தது செக்யூரிட்டி. எனக்கு முழுப் பயணத்திலும் பயம் இந்த இடத்தில்தான் இருந்தது. பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் விட வேண்டும், நாயை அல்ல. நாயை வெளியே எடுத்துத் தூக்கிக்கொண்டு உலோகம் காட்டும் வாசலைக் கடக்க வேண்டும். வாரில் உலோக வளையம் இருந்தால் சில இடங்களில் அதையும் கழற்றச் சொல்வார்கள். சத்தம், தட்டுகள் உருளும் ஓசை, காலணி இல்லாமல் ஓடும் கூட்டம், கையில் கயிறே இல்லாத ஒரு பயந்த நாய். அது துள்ளிக் குதித்து ஓடினால் அந்தப் பெரிய கட்டடத்தில் எங்கே தேடுவது? அதனால் வரிசையில் நிற்கும்போதே பணியாளரிடம் தனியறை கேட்டேன். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கதவு மூடிய அறையில் டைகரை எடுத்து, அம்மா இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, பை தனியாகப் போய்ச் சோதனை முடிந்து வந்தது. வாரையும் கழற்றித் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அவனைப் பைக்குள் விட்டு, கிளிப் போட்ட பிறகுதான் கதவைத் திறக்கச் சொன்னேன்.

உள்ளே நாய்களுக்கென்று புல்தரை போட்ட ஓர் அறை இருந்தது. முன்னால் வந்த நாய்களின் செய்தியையெல்லாம் மோந்து படித்து முடிக்கவே அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு ஒருவழியாகக் காரியம் முடிந்தது.

விமானத்தில் ஏறும்போது அம்மாவை முதலிலேயே அனுப்பி, மேல் பெட்டிகளில் சாமானை வைக்கச் சொல்லிவிட்டு, நான் டைகரோடு கடைசி அழைப்பு வரை வெளியே குளிர்ந்த கூடத்தில் நின்றேன். நின்றுகொண்டிருக்கும் விமானத்துக்குள் பல நேரம் குளிரூட்டல் சரியாக வராது. அத்தனை பேரும் ஏறி உட்காரும் வரை அதற்குள் அவன் ஏன் வேக வேண்டும்? நாயோடு வருபவர்கள் முன்னால் ஏறலாம் என்று அழைத்தார்கள். நன்றி சொல்லி மறுத்துவிட்டேன்.

சனி

இரவு விமானம். தூங்கும் நேரம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். நடுவில் வேறு விமானம் மாறாத நேரடிப் பயணம். ஒரு மாற்றம் என்றால் இன்னொரு செக்யூரிட்டி, இன்னொரு ஏறல், இன்னொரு இறங்கல். கட்டணம் கூட என்றாலும் நேரடியாகப் போவது என்பதில் நான் பேரம் பேசவே இல்லை.

உட்கார்ந்ததும் ஒரு சிக்கல். மூன்றாவது சீட்டுக்காரர் நல்லவர், உதவி செய்வதாக நினைத்து, "காலுக்கு இடைஞ்சலா இருக்கே, மேலே வெச்சிடட்டுமா?" என்று பையின் பிடியில் கை வைத்துவிட்டார். நான் கத்தியே விட்டேன். 2018 மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் போன யுனைட்டெட் ஏர்லைன்ஸ் விமானத்தில், பணியாளர் சொன்னதால் ஒரு குடும்பம் தங்கள் பிரெஞ்சு புல்டாக் குட்டியைப் பையோடு மேல் பெட்டியில் வைத்தது. இறங்கிப் பார்த்தபோது அது செத்துப்போயிருந்தது. பத்து மாதக் குட்டி. பையில் நாய் இருந்தது தெரியாது என்று அந்தப் பணியாளர் சொன்னதாக நிறுவனம் தெரிவித்தது. அதே ஆண்டு அமெரிக்கா மேல் பெட்டியில் உயிருள்ள பிராணியை வைப்பதைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. பக்கத்துக்காரரிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது, பாவம். விளக்கு அணையும் முன் எங்கள் பகுதிப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "இந்தப் பையில் நாய் இருக்கிறது" என்று சொல்லி, ஜிப்பை விலக்கிக் காட்டினேன். அவர் அடுத்த ஷிப்ட் ஆளிடமும் சொல்லிவிட்டார்.

பாதுகாப்பு அறிவிப்பின்போது அம்மா கேட்டார்: "ஏன்டி, மூக்குல மாட்டற மூடி மேலேருந்து விழும்கறாங்களே, இவனுக்கு?"

இல்லை. நாய்க்கு முகமூடி இல்லை. அவசரமாக இறங்கும்போது கைப்பை எதையும் எடுக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தீப்பிடித்தபோது உள்ளே இருந்த 379 பேரும் தப்பினார்கள், சரக்கு அறையில் இருந்த இரண்டு வளர்ப்புப் பிராணிகள் தப்பவில்லை. கேபினில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற விவாதம் அங்கே ரொம்ப நாள் ஓடியது. இதையெல்லாம் அம்மாவிடம் அப்போது சொல்லவில்லை. "அதெல்லாம் நடக்காதும்மா" என்றேன். நடப்பது மிக மிக அபூர்வம்தான்.

ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போது டைகர் சின்னதாக முனகினான். பிறகு ஓசை சீரானதும் அடங்கிவிட்டான். உறங்கினானா என்று பார்க்கக் கையை வலைக்குள் விட்டுவிட்டு எடுத்துக்கொண்டே இருந்தார் அம்மா. நான் வேறு விதமாகப் பார்த்தேன். அரைமணிக்கு ஒரு தடவை போன் விளக்கை விரல்களுக்கு நடுவில் மறைத்துக்கொண்டு அவன் விலாவைப் பார்ப்பது, மூச்சு எண்ணுவது. தூங்கும் நாய் நிமிடத்துக்கு 30-க்குக் கீழேதான் மூச்சு விடும். ஒரு தடவை உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தையும் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. நீலம் கலந்தால் பிராணவாயு போதவில்லை. செங்கல் சிவப்பானால் சூடு ஏறுகிறது.

கேபின் காற்று ரொம்ப உலர்ந்தது, ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. நமக்கே உதடு வெடிக்கும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் கொட்டும் என்பதால் பணிப்பெண்ணிடம் பனிக்கட்டி வாங்கி, ஒவ்வொரு துண்டாக நக்கக் கொடுத்தேன். நனைக்காது, அவனுக்கும் பொழுதுபோகும்.

நடுராத்திரி விமானம் நன்றாகவே குலுங்கியது. அம்மா உடனே, "வெளியே எடுத்து மடியில வெச்சுக்கறேன்" என்று குனிந்தார். தடுத்தேன். குலுங்கும்போது மடியில் இருக்கும் நாலரை கிலோவைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. மேலே போய் மோதும், இல்லை வேறு யார் மேலாவது விழும். சீட்டுக்கு அடியில், நாலு பக்கமும் அணைப்பாக, தரையோடு இருப்பதுதான் அந்த நேரத்தில் விமானத்திலேயே அவனுக்கு நல்ல இடம். அம்மாவுக்குக் கோபம். கொஞ்ச நேரம் என்னோடு பேசவில்லை.

விடியும் நேரத்தில் முன்வரிசைக் குழந்தை ஒன்று டைகரைக் கண்டுபிடித்துவிட்டது. கையில் சாக்லேட், அன்போடு நீட்டியது. நாய்க்குச் சாக்லேட் விஷம், சின்ன உடம்புக்குக் கொஞ்சமே போதும். திராட்சையும் ஆகாது. சர்க்கரையில்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிடால் இன்னும் மோசம், விமானத்தில் காது அடைக்காமல் இருக்க நிறையப் பேர் மெல்வது அதைத்தான், கீழேயும் போடுகிறார்கள். உட்கார்ந்ததுமே சீட்டுக்கு அடியில் தடவிப் பார்த்துப் பொறுக்கி எடுத்த குப்பையில் ஒரு சூயிங்கம்மும் இருந்தது. குழந்தையிடம் ஒரு நாய் பிஸ்கட்டைக் கொடுத்து, அதை நீட்டச் சொன்னேன். இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

விமானம் இறங்கத் தொடங்கியதும், நாய்கள் நக்கித் தின்னும் பசையைக் கொஞ்சம் விரலில் தடவி வலை வழியே கொடுத்தேன். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது வலிக்கும், விழுங்கிக்கொண்டே இருந்தால் அடைப்பு விடும். நாய்க்கும் அதே கதைதான்.

இறங்கியதும் கூட்டம் எழுந்து நின்று முட்டிக்கொள்ள, நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். மேலிருந்து பெட்டிகள் இறங்கும் நேரம், தரையில் இருக்கும் பைக்கு நல்ல நேரமில்லை. நடைபாதை காலியானதும் எழுந்தோம்.

அங்கே அதிகாரி ஒருவர் சிப் படிக்கும் கருவியை டைகரின் தோள் மேல் காட்டினார். முதலில் ஒன்றும் வரவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சிப் சில நேரம் தோலுக்கு அடியில் கொஞ்சம் நகர்ந்திருக்கும் என்று சொல்லி, விலாப் பக்கமாகக் கொண்டுபோனார். பீப். 15 எண்ணும் தாளில் உள்ளபடியே. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்னாலேயே டாக்டரிடம் கருவி வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம், இருந்தாலும் அந்தப் பத்து விநாடி நீளமாகத்தான் இருந்தது.

வாசலில் அண்ணன் நின்றான். அம்மா அவனைப் பார்த்ததும் பையைத் திறந்து டைகரைக் காட்டப் போனார். "இங்க வேண்டாம்மா!" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கார்கள் நிற்கும் இடத்தில்தான் நிறைய நாய்கள் தொலைகின்றன. இராத்திரி முழுக்க அடங்கிக் கிடந்தவன் திறந்த கணமே எகிறுவான். காருக்குள் ஏறி, கதவு நாலும் மூடி, வாரில் கயிறு மாட்டிய பிறகு ஜிப் திறந்தது. டைகர் அண்ணன் மேல் ஏறி அவன் மூக்குக் கண்ணாடியை நக்கித் தள்ளிவிட்டான்.

ஞாயிறு

நேற்று முழுவதும் தூக்கம். ஒரே அறையில், பழைய கிண்ணம், பழைய விரிப்போடு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகவும், சாப்பாட்டைப் பாதியாகவும் கொடுத்தோம். இன்று, அடுத்த இரண்டு நாளைக்கு எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்: வாத்து கத்துவது போன்ற இருமல், நிற்காத இளைப்பு, சாப்பிட மறுப்பது, 12 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் இருப்பது. கழுத்துச் சில்லில் அண்ணனின் எண்ணைப் பொறித்துப் போட்டாயிற்று. சிப் பதிவிலும் முகவரி மாற்றியாகிவிட்டது. புது ஊரில் நாய் தொலைந்தால் அது ஓடிப்போகும் வீடு இன்னும் அதற்குத் தெரியாது.

மத்தியானம் நண்பன் ஒருவன் அழைத்தான். நான் எழுதிவந்த இதையெல்லாம் படித்துவிட்டு, அவனும் தன் பக் நாயைக் கூட்டி வரப் போகிறானாம். கோடையில், நடுவில் ஒரு விமானம் மாறி. கேபின் எடையைத் தாண்டிவிட்டதால் சரக்கு அறையில்.

வேண்டாம் என்றேன். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2005 மே முதல் ஐந்து ஆண்டுகளில் விமான நிறுவனங்கள் தெரிவித்த நாய்ச் சாவுகள் 122. அதில் பாதிக்கு அருகில் தட்டை மூக்கு இனங்கள். இங்கிலீஷ் புல்டாக் மட்டும் 25, பக் 11. மூக்குத் துவாரம் குறுகல், உள்ளே அண்ணம் நீளம், காற்று போகும் வழியே அடைசல். இளைத்துச் சூட்டை இறக்க வேண்டிய பிராணிக்கு இளைப்பதே கஷ்டம் என்றால், வெயிலில் நிற்கும் சரக்கு வண்டியில் அது என்ன செய்யும்? நிறைய நிறுவனங்கள் இந்த இனங்களைச் சரக்கில் ஏற்றவே மறுப்பதற்குக் காரணம் அதுதான். ஏற்றுகிறேன் என்று சொல்லும் நிறுவனத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட மாட்டேன்.

"அப்ப என்னதான் பண்றது?" என்றான்.

முதலில் டாக்டரிடம் மூக்கையும் தொண்டையையும் காட்டு. அவர் ஒத்துக்கொண்டால் எடையைக் குறை. பக் நாய்களில் பாதி, சாப்பிட்டுச் சாப்பிட்டே மூச்சு வாங்குகின்றன. அப்புறம் குளிர்காலத்தில், நேரடியான இரவு விமானத்தில், கேபினில். அது முடியாது என்றால் உன் தங்கையிடம் விட்டுவிட்டு நீ மட்டும் வா என்றேன்.

"தங்கச்சி ஒத்துக்கணுமே."

அது அவன் பாடு.